நான்கு விரல் அகலம்

வியாழன், பகல் 12.05.

தோண்ட வேண்டிய வேலையே இருக்கவில்லை. சார்ஜெண்ட் லாவர்டி கல்லறைத் தலைமாட்டுப் புல்லைப் பிடித்து இழுத்தார். புல்கட்டி மூடியைப் போலக் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. பதினோரு துண்டுகள். அவற்றைத் தரையில் வரிசையாக வைத்தார். அடியிலிருந்த மண்ணும் இளகியிருந்தது. அதைக் கையாலேயே வாரி எடுத்தார்.

குழி முழங்கை ஆழம். அடிக்களிமண்ணில் செங்கல் அளவுக்கு ஒரு பள்ளம். விளிம்புகள் கூர்மையாக இருந்தன. ஒரு பெட்டி அங்கே நெடுநாள் இருந்திருக்கிறது. இப்போது இல்லை.

"யாரோ முந்திட்டான்," என்றார் லாவர்டி.

பெல்லம் கிராஸ் தொப்பியைக் கழற்றினார். லண்டன்காரர். அற்றுப்போன பிரபுப் பட்டங்களுக்கு வாரிசு தேடிக் கொடுப்பது அவர் தொழில்.

"என் பெட்டி," என்றார்.

"உங்க பெட்டியா?"

"என் கட்சிக்காரரோட பெட்டி."

"யாரு அந்தக் கட்சிக்காரர்?"

"அது பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு."

நர்ஸ் ஹானர் டான்ஸி சிரிக்கவில்லை. கல்லறை திறக்கும்போது வைத்தியர் ஒருவர் இருக்க வேண்டும். டாக்டர் ஸ்லைகோ நகருக்குப் போயிருந்தார். அதனால் அவள் வந்திருந்தாள். குந்தி உட்கார்ந்து ஒரு புல்கட்டியின் மேல் கையை வைத்தாள். கட்டைவிரலை மடக்கிய கை. கச்சிதமாகப் பொருந்தியது. பதினோரு துண்டுகளும் ஒரே அகலம்.

கல்லில் எழுதியிருந்தது: ஆம்ப்ரோஸ் ஹேக்கெட், நான்காம் டிரம்கோலன் பிரபு, 1812 – 1869. இவரோடு பட்டம் முடிந்தது.

டிரம்கோலன் பட்டம் நூற்றெட்டு ஆண்டுகள் வாழ்ந்தது. 1761இல் அயர்லாந்தின் டப்ளின் நாடாளுமன்றத்தில் அரசருக்குச் சாதகமாக வாக்களித்ததற்காக முதல் பிரபுவுக்கு அது கிடைத்தது. இரண்டாம் பிரபு அதே நாடாளுமன்றத்தை மூடிவிட வாக்களித்து, அதற்கும் ஒரு தொகை வாங்கினார். மூன்றாமவர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு குத்தகையை மட்டும் வரவழைத்தார். நான்காமவர் 1846இல் ஊர் திரும்பினார். உருளைக்கிழங்கு கறுத்து அழுகி நாட்டைப் பஞ்சம் பிடித்த ஆண்டு. குதிரைகளை விற்றார். வெள்ளிப் பாத்திரங்களை விற்றார். கூரையின் ஈயத் தகட்டை உரித்து விற்று ஊர்ச் சனங்களுக்கு அமெரிக்கச் சோளம் வாங்கினார். பட்டங்களைப் பற்றிய புத்தகங்கள் இதில் எதையும் சொல்வதில்லை. மணமாகாதவர், பட்டம் அற்றது என்று ஒரு வரி போட்டு முடிக்கின்றன.

கிராஸ் அந்த வரியை நம்பவில்லை. டப்ளினில் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்த ஊரின் அன்றைய பாதிரியார் எழுதிய நாட்குறிப்பு அவருக்குக் கிடைத்தது. பிரபுவுக்குத் தாமே திருமணம் செய்துவைத்ததாகப் பாதிரியார் எழுதியிருந்தார். பெண்ணின் பெயர் இல்லை. ஒரு மகன் உண்டு என்று இருந்தது. திருச்சபையின் பதிவேடு 1922இல் டப்ளின் தீயில் எரிந்துபோயிற்று. மிஞ்சியது ஒரே சான்று. மனைவி தன் திருமணச் சீட்டை ஈயப் பெட்டியில் வைத்துக் கணவரின் தலைமாட்டில் புதைக்கச் சொன்னாளாம்.

செவ்வாய்க்கிழமை தபால் நிலையத்தில் கிராஸ் இதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கப்போவதாகவும் சொன்னார்.

அதுதான் தப்பு. டிரம்கோலன் பண்ணை நானூறு ஏக்கர். வாரிசு இல்லாத நிலம் என்று நில ஆணையம் அதை எடுத்திருந்தது. வரும் திங்கட்கிழமை இருபத்திரண்டு குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாக இருந்தது. வாரிசு ஒருவன் முளைத்தால் வழக்குப் போகும். வழக்குப் போனால் இருபது வருடம்.

"இங்க பாருங்க," என்றார் லாவர்டி.

குழியின் ஓரத்தில் ஈரக் களிமண். அதில் ஒரு பூட்ஸின் தடம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊன்றி ஆழமாகப் பதிந்திருந்தது. வலது கால். இடது பூட்ஸின் தடம் எங்கேயும் இல்லை.

"செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் மழை. புதன் வெயில். ஊரே சந்தைக்குப் போயிருந்துச்சு. நேத்துப் பகல்ல வந்திருக்கான். வலது கால ஊனிக்கிட்டு இடது கால்ல அழுத்தியிருக்கான். இடங்காலன்."

கிராஸுக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்குப் புரிந்தது. லைட்ரிம் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் கத்தோலிக்கர்கள் வலது காலால் தோண்டுவார்கள். வடக்கிலிருந்து வந்த புராட்டஸ்டண்டுகள் இடது காலால் தோண்டுவார்கள். எந்தக் குழந்தைக்கும் தெரியும். இந்த ஊரில் மண்வேலை செய்யும் புராட்டஸ்டண்ட் ஒருவன்தான்.

அவன் ஆலயச் சுவரோரம் நின்றிருந்தான். வில்லியம் கெத்தின். இந்தக் கல்லறைத் தோட்டத்தின் காவலாளி.

பகல் 12.30.

"நேத்து எங்க இருந்த?"

"சந்தையில."

"யாரு பாத்தா?"

"கன்னுக்குட்டி பாத்துச்சு."

"வித்தியா?"

"விக்கல. அதான் யாருக்கும் ஞாபகமில்ல."

லாவர்டி கருவிக் கொட்டகையைத் திறந்தார். கெத்தினின் மண்வாரி ஆணியில் தொங்கியது. எண்ணெய் பூசிய அலகு. ஒரு சாண் அகலம்.

"சுத்தமா இருக்கே."

"எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும். எங்கப்பன் அப்படிப் பழக்கிவிட்டான்."

"எந்தக் கால்ல தோண்டுவ?"

கெத்தின் அவரைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதா, சார்ஜெண்ட்? என்னை வெச்சு மதுக்கடையில எத்தன ஜோக்கு சொல்லியிருக்கீங்க."

லாவர்டி மண்வாரியை எடுத்துக்கொண்டார்.

"நிலத்துல எனக்கும் பங்கு இருக்கு," என்றான் கெத்தின். "பதினெட்டு ஏக்கர். ஒத்துக்கிறேன். அதுக்காகச் செத்தவரோட தலைமாட்டுல கை வைக்கமாட்டேன். இருபது வருசமா அவரு மேல புல்லு வெட்டுறேன்."

மணி இரண்டுக்கு ஆலயப் பாதிரியாரின் கடிதம் கெத்தின் வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் பழி நீங்காவிட்டால் வேலையும் இல்லை, வேலையோடு வந்த வீடும் இல்லை. நர்ஸ் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தாள். கெத்தினின் மனைவி எஸ்தருக்கு நுரையீரலில் நோய். தரையில் ஈரமில்லாத வீடு ஊரில் இரண்டோ மூன்றோதான் உண்டு. அதில் அது ஒன்று.

எஸ்தர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தாள்.

"அவரு எடுக்கல, நர்ஸம்மா."

"எப்படித் தெரியும்?"

"புதன்கிழமை இந்தக் கன்னுக்குட்டி திரும்பி வந்ததும் அவரு சிரிச்சாரு. ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா அவருக்குச் சிரிப்பு வராது. கல்யாணத்தன்னிக்கே அவருக்குச் சிரிப்பு வரல."

நர்ஸ் சைக்கிளை எடுத்தாள். எஸ்தரை இந்த ஏப்ரல் குளிரில் வேறு வீட்டுக்கு மாற்றினால் அறுவடையைப் பார்க்கமாட்டாள். அது அவளுக்குத் தெரியும். எஸ்தருக்கும் தெரியும்.

வியாழன், மாலை 3.40.

மேட்டி பிரெஹோனிக்குக் காது அடைத்திருந்தது. நர்ஸ் அதில் வெந்நீர் பீய்ச்சினாள். நிலப்பட்டியலில் முதல் பெயர் மேட்டியுடையது. கிராஸின் பெட்டி காணாமல் போனதில் ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் அவன். அதை மறைக்கவும் இல்லை.

"கெத்தினுக்கு ஒரு பாட்டில் வாங்கித் தரணும்," என்று கத்தினான்.

"மெதுவா பேசுங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"எடுத்தது அவன்தானே? இடங்கால்."

"நீங்க எங்க இருந்தீங்க புதன்கிழமை?"

"சந்தையில. ரெண்டு பன்றி வித்தேன். மூணு சண்டை போட்டேன். கேட்டுப் பாருங்க."

"பட்டியல்ல இருக்கிற மத்தவங்க?"

"எல்லாரும் சந்தையிலதான். ஒருத்தன் மேல ஒருத்தன் கண்ணு வெச்சுக்கிட்டு. நிலம் கெடைக்கப்போற வாரத்துல எவன் எவன்கிட்டப் பேசுறான்னு பாக்க வேணாமா?"

"பட்டியல்ல இல்லாதவங்க?"

"யாரு இல்ல? லூக் ஃபேலன் ஒருத்தன். விண்ணப்பமே போடல. சதுப்பு ஓரத்துல ஏழு ஏக்கர், கல்யாணமும் இல்ல, போதுங்கிறான். பைத்தியக்காரன்."

அவள் பஞ்சால் காதைத் துடைத்தாள். மேட்டி தலையை ஆட்டிப் பார்த்தான். சத்தத்தைக் குறைத்துக்கொண்டான்.

"அந்தப் பெரிய மனுசன் ஹேக்கெட் இருந்தாரே, அவரு கல்லறைன்னா எங்க தாத்தா தொப்பியக் கழட்டாம தாண்டமாட்டாரு. பஞ்சத்துல, நாப்பத்தேழுல, காய்ச்சல்ல வெட்டியான் செத்துப்போனான். மத்தவனுங்களுக்கு நிக்கவே தெம்பில்ல. பிரபுவே குழி வெட்டினாரு. அவரு சாதிக்காரனுக்கு இல்ல, நம்ம ஆளுங்களுக்கு. ஒரு நாளைக்கு ஆறு குழி. தப்புக் கால்லதான் வெட்டினாராம். ஆனா வெட்டினாரு. சாகிற வரைக்கும் தோட்ட வேலையெல்லாம் தானே செஞ்சாரு. தோட்டக்கார நோரா வீட்டுப் பக்கமே கெடந்தாருன்னு ஊர்ல பேசிக்குவாங்க. பேசினா என்ன? அவரால உசுரோட இருந்த வாய்தானே பேசுச்சு."

"தோட்டக்கார நோராவா?"

"லூக்கோட பாட்டி. அவ அப்பன் பிரபுவோட தோட்டத்துல வேலை செஞ்சவன். அந்தக் குடும்பத்துல எட்டுப் பேரு போயி அவ ஒருத்திதான் மிச்சம்."

வெள்ளி, காலை 9.15.

லூக் ஃபேலனின் நிலத்தில் உருளைக்கிழங்குப் பாத்திகள் பாதி போட்டிருந்தன. கடைசிப் பாத்தியில் அவனுடைய லாய் குத்தி நின்றது. லாய் என்பது இங்கே ஏழை விவசாயியின் கருவி. ஆளுயர மரத்தண்டு, நுனியில் குறுகலான இரும்பு, கால் வைத்து அழுத்த ஒரு பக்கம் மட்டும் மிதி. மிதியின் மேல் ஒரு ராபின் குருவி உட்கார்ந்திருந்தது. நர்ஸ் சைக்கிளை நிறுத்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

லூக்கிற்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வாரமாக அவன் பாதத்துக்கு அவள் கட்டுப் போட்டு வந்தாள். இடது பாதத்தின் வளைவில் வெடிப்பு.

"ஒவ்வொரு ஏப்ரலும் இதே எடம்," என்றாள்.

"ஒவ்வொரு ஏப்ரலும் இதே வேல."

"பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகடு அடிக்கச் சொன்னேனே."

"அடிச்சேன். தகடு தேஞ்சுபோச்சு."

"நிலத்துக்கு ஏன் எழுதிப் போடல?"

"யாருக்கு விட்டுட்டுப் போக? என்னோட முடிஞ்சிரும்." கெட்டிலை எடுத்தான். "டீ குடிப்பீங்கல்ல."

"குடிப்பேன். கல்லறைச் சங்கதி கேட்டீங்களா?"

"பெட்டி போச்சுன்னாங்க."

"கெத்தின் மேல பழி போட்டிருக்காங்க."

கெட்டிலின் வாய் கோப்பையின் மேல் நின்றது. டீ ஊற்றவில்லை.

"அவன் எதுக்கு?"

"குழி வெட்டினது இடது கால்."

லூக் கெட்டிலைக் கீழே வைத்தான். கட்டுப் போட்ட பாதத்தின் மேல் காலுறையை இழுத்துவிட்டான்.

"எஸ்தரு?"

"நாளைக்கு மதியம் வீட்டைக் காலி பண்ணணும்."

அவன் குனிந்து அடுப்பைக் கிளறினான். சதுப்பில் வெட்டிய பீட் கட்டிகள் சிவந்து கிடந்தன. பிறகு டீ ஊற்றினான். அதற்குப் பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

வெள்ளி, பகல் 11.30.

நர்ஸ் தச்சர் பட்டறையில் இறங்கினாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தச்சர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அங்கிருந்து கல்லறைக்குப் போனாள். பதினோரு புல்கட்டிகளும் அப்படியே கிடந்தன. மறுபடி கையை வைத்துப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் பண்ணைச் சுவரோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சுவருக்கு அப்பால் நானூறு ஏக்கர் புல். அவள் வாயைத் திறந்தால் எஸ்தருக்கு வீடு மிஞ்சும். இருபத்திரண்டு குடும்பங்களுக்கு நிலம் கைநழுவலாம். அவற்றில் பதினான்கு வீடுகளில் பிரசவம் பார்த்தவள் அவள்.

சுவர் முடியும்போது சைக்கிளில் ஏறினாள்.

சனி, காலை 11.00.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவள் வந்தபோது லூக் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. முழங்கால்களுக்கு நடுவே லாய். லாவர்டி மேஜைக்குப் பின்னால் இருந்தார். கெத்தின் நின்றிருந்தான். கிராஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வந்து அரை மணியாச்சு," என்றார் லாவர்டி. "வாயே திறக்கமாட்டேங்கிறான். நர்ஸம்மா வரட்டும்கிறான்."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று நர்ஸ் லூக்கிடம் கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்க, நர்ஸம்மா. எனக்கு நாலு பேரு முன்னாடி பேச வராது."

அவள் கையுறைகளைக் கழற்றினாள்.

"சார்ஜெண்ட், கெத்தினோட மண்வாரிய எடுங்க. அலகு எவ்வளவு அகலம்?"

"ஒரு சாண்."

"புல்கட்டி எவ்வளவு அகலம்?"

லாவர்டி யோசித்தார். "அளக்கல."

"நான் அளந்தேன். நாலு விரல். பதினோரு துண்டும் நாலு விரல். ஒரு சாண் அகலத்துல உள்ள அலகால நாலு விரல் துண்டு வெட்ட முடியாது. வெட்டினது மண்வாரி இல்ல. லாய்."

"லாய்ல இடது காலா?" என்றார் லாவர்டி. "லாய் நம்ம ஆளுங்களோடது. மிதி வலப்பக்கம்தான் இருக்கும். அதுல இடது கால எங்க வெப்பான்?"

"அதைத்தான் தச்சர்கிட்டக் கேட்டேன். மிதிய இடப்பக்கம் வெச்சு லாய் செஞ்சிருக்கீங்களான்னு. ஒரே ஒரு வீட்டுக்குன்னாரு. இவரோட அப்பாவுக்குத் தச்சரோட அப்பா செஞ்சாராம். பழைய லாய் ஒண்ணக் கொண்டாந்து இதே மாதிரின்னு கேட்டாராம். விவரம் கெட்ட வீடுன்னு இன்னும் சிரிக்கிறாரு."

எல்லோரும் லூக்கின் முழங்கால்களுக்கு நடுவே பார்த்தார்கள். நுனி இரும்பு நான்கு விரல் அகலம். மிதி இடப்பக்கம் இருந்தது. நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருந்தது.

"தடத்தப் பாத்ததும் எல்லாரும் காலப் பாத்தோம்," என்றாள் நர்ஸ். "கருவியப் பாக்கல. இடங்கால்னதும் கெத்தின்னு முடிவு பண்ணிட்டோம். நம்ம ஊர்ல பொறந்தவங்களுக்கு மட்டும்தான் இந்தத் தப்பு வரும். கிராஸ் ஐயாவுக்கு வந்திருக்காது. ஏன்னா அவருக்குக் கால் ரெண்டும் ஒண்ணுதான்."

"நான் தோண்டியதே இல்லை," என்றார் கிராஸ்.

"இடங்காலன் லாய் வெச்சுக்கமாட்டான். லாய் வெச்சிருக்கிறவன் இடங்காலன் இல்ல. இது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட எப்படிச் சேந்துச்சு? கருவி ஒரு குடும்பத்துலருந்து வந்திருக்கணும். கால் இன்னொரு குடும்பத்துலருந்து வந்திருக்கணும்."

லாவர்டி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குப் புரியத் தொடங்கியிருந்தது.

"நாப்பத்தேழுல குழி வெட்டினவரு ஒருத்தரு இருந்தாரு. தப்புக் கால்ல. மேட்டியோட தாத்தா பாத்தாரு. அப்ப அவருகிட்ட மண்வாரி இருந்திருக்காது. எல்லாத்தையும் வித்துட்டாரு. நோரா ஃபேலனோட அப்பா விட்டுட்டுப்போன லாய்தான் இருந்திருக்கும். மிதியக் கழட்டி இடப்பக்கம் மாத்திக்கிட்டாரு. அப்புறம் நோராவுக்கும் அவருக்கும் பையன் பொறந்தான். பையனுக்குத் தோண்டக் கத்துக்குடுத்தாரு. தனக்குத் தெரிஞ்ச கால்லதானே கத்துக்குடுக்க முடியும். பையன் தன் மகனுக்குக் கத்துக்குடுத்தான்."

கிராஸ்தான் முதலில் எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்தது.

"நீங்கதான் வாரிசு. ஆறாம் டிரம்கோலன் பிரபு. உங்க அப்பா ஐந்தாமவர்."

"எங்கப்பா ஓவன் ஃபேலன்," என்றான் லூக். "பன்றி வளத்தாரு."

"ஐயா, நானூறு ஏக்கர். வீடு. நான் வழக்கு நடத்துறேன். மூணுல ஒரு பங்குதான் எனக்கு. அந்தச் சீட்டு எங்க?"

லூக் கோட்டுப் பையிலிருந்து ஈயப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தான். செங்கல் அளவு. மூடி மடங்கியிருந்தது. லாவர்டி திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"சீட்டு?"

"புதன்கிழமை மத்தியானம் கெழங்குப் பானைக்கு அடியில எரிஞ்சு போச்சு."

கிராஸ் உட்காரப் போனார். நாற்காலி அங்கே இல்லை. மறுபடி நின்றார்.

"ஏன்?" என்றார்.

லூக் தரையைப் பார்த்துப் பேசினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

"அது எங்க இருக்குன்னு எங்கப்பா சாகும்போது சொன்னாரு. அங்கேயே கெடக்கட்டும்னாரு. தன் வீட்டு எட்டுப் பேரும் பெயரில்லாம பொதுக்குழியில கெடக்கும்போது தனக்குப் பட்டம் வேணாம்னு பாட்டி சொன்னாளாம். அவரும் சரின்னாராம். நான் அதுபாட்டுக்கு விட்டுட்டுத்தான் இருந்தேன். இவரு தபாலாபீசுல நின்னு தோண்டப்போறேன்னாரு. வாரிசுன்னு எவனாவது வந்தா இருபத்திரண்டு வீட்டுக்கு நிலம் நின்னுபோகும். அந்த எவனோ நான்தான்." கெத்தினைப் பார்த்தான். "உன் மேல வரும்னு தெரியாது, வில்லியம். நான் காலப் பத்தி நெனைக்கவே இல்ல. யாரு தன் காலப் பத்தி நெனைப்பா?"

கெத்தின் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"இது திருட்டு," என்றார் கிராஸ். "ஒப்புதல் வாக்குமூலம். எல்லாரும் கேட்டீங்க. எழுதுங்க, சார்ஜெண்ட்."

லாவர்டி பேனாவை எடுத்தார். காகிதத்தைப் பார்த்தார். மேஜையில் பேனாவை உருட்டினார்.

"யாரோட பொருளத் திருடினான்னு எழுத?"

"டிரம்கோலன் வாரிசோட பொருள்."

"அது யாரு?"

கிராஸ் லூக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவன்தான் வாரிசுன்னா தன் பாட்டியோட சீட்டத் தானே எடுத்துக்கிட்டான். திருட்டு இல்ல. இவன் வாரிசு இல்லைன்னா, வாரிசே இல்ல. வெறும் ஈயப் பெட்டி. அதையும் திருப்பிக் குடுத்துட்டான். புல்லக் கலைச்சதுக்கு ஒரு ஷில்லிங் அபராதம் வேணும்னா போடலாம்."

"அவர் வாரிசுன்னு இந்தம்மா நிரூபிச்சாங்களே."

"நிரூபிச்சாங்க. நீங்க லண்டன் பிரபுக்கள் சபையில போயி ஒரு காலக் காட்டுங்க."

அறையில் யாரோ சிரித்தார்கள். கெத்தின்தான்.

கிராஸ் மதியப் பேருந்தில் போய்விட்டார். அதற்குள் வேலையும் வீடும் நிலைக்கும் என்று பாதிரியாரின் இரண்டாவது கடிதமும் வந்திருந்தது. எஸ்தர் அதையும் படித்து, முதல் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்தாள்.

திங்கள், காலை 10.00.

நில ஆணையத்து அதிகாரி பண்ணை வீட்டுப் படியில் நின்று இருபத்திரண்டு பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் முன்னால் வந்து வரைபடத்தில் கையெழுத்திட்டார். மேட்டி பிரெஹோனி இரண்டு தடவை கையெழுத்திடப் பார்த்தான். வழக்கு என்று எவரும் வரவில்லை. நர்ஸ் ஸ்டேஷனில் சொன்னது ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. லூக் ஃபேலன் சாலையில் கடந்து போனபோது கூட்டத்திலிருந்த ஆண்கள் தொப்பிக்குக் கையைக் கொண்டுபோனார்கள். எல்லோருக்கும் எல்லோரும் தொப்பியைத் தொடுவது வழக்கம்தான். இவர்கள் கழற்றினார்கள்.

அவன் நிற்கவில்லை. தோளில் லாயோடு கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

நர்ஸ் சைக்கிளை அவனோடு தள்ளிக்கொண்டு போனாள்.

"ஒண்ணு கேக்கவா? எரிக்கிறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

"ஒரு தடவை."

"என்ன இருந்துச்சு?"

"ரெண்டு பேரு." சிறிது தூரம் நடந்தான். "அவரு கையெழுத்து இவ்வளவு நீளம். பட்டமெல்லாம் போட்டு. அவளுக்கு எழுதத் தெரியாது. ஒரு சிலுவைக் குறி. அவரு அப்புறம் தன்னோட பட்டத்த அடிச்சுட்டு, பக்கத்துல அவரும் ஒரு சிலுவை போட்டிருந்தாரு."

கெத்தின் குழியருகே காத்திருந்தான். தன் மண்வாரியைத் திரும்ப வாங்கியிருந்தான். லூக் ஈயப் பெட்டியைப் பழைய பள்ளத்தில் வைத்தான். அது சரியாக உட்கார்ந்தது.

"அந்தப் பக்கம் நில்லு," என்றான் கெத்தின். "இடிக்காம இருக்கும்."

ஓரத்து மண் ஐந்து நாளில் இறுகியிருந்தது. வெட்டித் தள்ள வேண்டியிருந்தது. குழிக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். ஒரு சாண் அலகு. நான்கு விரல் அலகு. இருவரும் ஒரே நேரத்தில் இடது காலைத் தூக்கினார்கள்.